நத்தைகள் கூடும் மூலை

நத்தையைக் கொல்வது எப்படி என்று முப்பத்திரண்டு வருஷம் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் சிவசங்கரன். வேளாண்மைத் துறையில் உதவி அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். திருக்காட்டுப்பள்ளியைச் சுற்றி எந்த வயலில் நத்தை ஏறினாலும், "மயில்துத்தம் போடுங்க, மறுநாள் வரப்போரம் வெறும் ஓடா ஒதுங்கும்" என்று வண்டியிலிருந்து இறங்காமலே சொல்லிவிட்டுப் போவார். அவர் வீட்டுக்குள்ளேயே நத்தை வந்தபோது அந்த வித்தை எதுவும் பலிக்கவில்லை. ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்.

நத்தை வந்தது அவர் மகன் விஸ்வாவின் அறையில் இருந்த கண்ணாடி மீன்தொட்டிக்கு. மகன் அந்த அறையில் இல்லை. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஆடி மாதம், கொள்ளிடத்தில் இரண்டு கரையும் தொட்டு வெள்ளம் போன ஒரு சனிக்கிழமை, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு சிநேகிதர்களோடு குளிக்கப் போன பிள்ளை திரும்பி வரவில்லை. இருபத்திரண்டு வயது. தீயணைப்புக்காரர்கள் நாலு நாள் தேடினார்கள். கீழே அணைக்கரை வரைக்கும் ஆள் நிறுத்திப் பார்த்தார்கள். கரையில் கழற்றி வைத்திருந்த சட்டையையும் செருப்பையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதைக் கிடைத்தது என்று சொல்வதே தப்பு. அவை தொலையவே இல்லையே.

உடம்பு கிடைக்கவில்லை, ஆகவே மகன் சாகவில்லை. சிவசங்கரனின் கணக்கு அவ்வளவுதான். எங்காவது கரை ஒதுங்கியிருப்பான், தலையில் அடிபட்டு ஊர் பேர் மறந்திருப்பான், நினைவு வந்ததும் வருவான். பதினாறாம் நாள் மச்சினர் ஒருவர் ஐயரைக் கூட்டிக்கொண்டு வந்தார். உடம்பு இல்லாவிட்டாலும் தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து காரியம் பண்ணிவிடலாம் என்றார் ஐயர். பஞ்சாங்கத்தைப் பிரித்துக்கொண்டு, "பையன் பேரு, நட்சத்திரம் சொல்லுங்க" என்று கேட்டார். சிவசங்கரன் பேர் சொல்லவில்லை. எழுந்து போய் வாசல் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். ஐயர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு வந்த தை அமாவாசைக்கு அவர் திருவையாற்றுப் படித்துறைக்கும் போகவில்லை. தாய் தகப்பனுக்கு வருஷா வருஷம் இறைக்கிற எள்ளும் தண்ணீரும் அந்த வருஷம் இல்லை. துறையில் உட்கார்ந்தால் ஐயர் இன்னொரு பேரையும் கேட்டுவிடுவாரோ என்ற பயம். மகனைப் பற்றி விசாரித்துவிட்டுக் கொள்ளிடக் கரையிலிருந்து வீட்டுக்குத் திரும்பியபோது அவர் மனைவி மதுரம் மொட்டை மாடியில் இலை போட்டுக் காக்கைக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு வச்ச?"

"மாமாவுக்கு, அத்தைக்குத்தாங்க."

"வேற யாருக்கு?"

மதுரம் இலையின் ஓரத்தைச் சரிசெய்தாள். அவர் குனிந்து இலையை அப்படியே சுருட்டிப் பின்பக்கம் வீசினார். கைப்பிடிச் சுவரில் காத்திருந்த காக்கை பயந்து பறந்தது. சிதறிய பருக்கைகளை மதுரம் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள். அழவில்லை, சண்டை போடவில்லை. அன்றிலிருந்து அவள் மாடியில் சோறு வைக்கவும் இல்லை. சொன்னால் கேட்டுக்கொள்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியும் ஆண்களுக்கு இந்த நினைப்பு போவதில்லை.

தொட்டி விஸ்வா வாங்கியது. ஆற்றுக்குப் போன அன்று காலையில் ஒழுகுகிறதா என்று பார்க்கத் தண்ணீர் நிரப்பினான், பிறகு வடித்துவிட்டு, எண்ணெய்க் கையோடு அதைப் பிடித்து ஜன்னலோரம் நகர்த்தினான். வலது மூலையில், வெளிப்பக்கக் கண்ணாடியில், அந்தக் கை பதிந்திருந்தது. உள்ளங்கையும் ஐந்து விரலும். நாளாக ஆக எண்ணெயில் தூசு படிந்து, வெயில் படும்போது ரேகைகூடத் தெரிந்தது. அந்த அறையில் யாரும் எதையும் துடைக்கக் கூடாது என்பது சிவசங்கரனின் உத்தரவு.

இந்த ஐப்பசியில் அவருக்கு ஒரு எண்ணம் வந்தது. வருகிறவன் வெறும் தொட்டியையா பார்ப்பது? விஸ்வாவின் நோட்டில் எழுதியிருந்தது: 'மண், பாசி எல்லாம் கொள்ளிடத்திலேயே எடுக்கணும். கடைப் பாசி வேண்டாம்.' அவர் எப்படியும் தினமும் பதினொரு மணிக்கு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போகிறவர்தான். மாடு மேய்ப்பவர்களையும் மீன் பிடிப்பவர்களையும் விசாரித்துவிட்டு ஒன்றரை மணிக்குத்தான் திரும்புவார். அப்படிப் போன ஒருநாள், சட்டையும் செருப்பும் இருந்த அதே இடத்தில் இறங்கி, ஒரு வாளி மணலும் கை நிறைய வேலம்பாசியும் எடுத்து வந்தார்.

மீன் வாங்கப் போன இடத்தில் ஷேக் பரீத் எச்சரித்தார். தஞ்சாவூர் கீழவாசலில் வண்ண மீன் கடை வைத்திருப்பவர். விஸ்வாவுக்கு அந்தத் தொட்டியை விற்றவரும் அவர்தான்.

"ஆத்துப் பாசியா சார்? படிகாரத் தண்ணியில ஊறப் போட்டு அலசிட்டு நடுங்க. இல்லைன்னா நத்தை வந்து ஏறிக்கும்."

சிவசங்கரன் தலையாட்டிவிட்டு வந்தார். ஆனால் படிகாரம் கரைத்து வைத்த வாளியின் முன்னால் உட்கார்ந்தபோது அவருக்குக் கை வரவில்லை. மகன் கடைசியாக இறங்கிய தண்ணீரில் இருந்தது அந்தப் பாசி. அதை எப்படி அலசுவது? படிகாரத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பாசியை அப்படியே நட்டார். ஆறு கப்பி மீன்களை விட்டார். தொட்டி பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

பத்து நாளில் பாசி இலையில் மிளகை விடச் சின்னதாக ஒன்று ஊர்ந்தது. கார்த்திகை பிறந்தபோது இருபது இருந்தன. மார்கழியில் எண்ண முடியவில்லை. பாசியில் ஓட்டை, கண்ணாடியில் வழவழவென்ற தடம், இலையடியில் ஜவ்வரிசிக் கூழ் போல முட்டை. சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரம் அந்த அறையில் உட்கார்ந்தால், கண்ணாடியில் ஏறிய நத்தைகள் பிடி விட்டு அடியில் விழுகிற சத்தம் கேட்கும். டிக். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டிக். யாரோ நகத்தால் கண்ணாடியைத் தட்டுவது போல இருக்கும். அவர் இரண்டு தடவை ஜன்னலைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்தார்.

அவரை அரித்தது இது மட்டுமல்ல. தொட்டி முழுக்க இடம் இருந்தும் நத்தைகள் கூடியது வலது மூலையில். வெளியே மகனின் கை பதிந்த இடத்துக்கு நேர் உள்ளே. காலையில் அங்கங்கே சிதறித் திரிபவை, அவர் ஆற்றங்கரை போய்த் திரும்பும்போது அந்தக் கைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளங்கை நிறைய நத்தை. விரல் விரலாக நத்தை. முதல் நாள் தற்செயல் என்று விட்டார். மறுநாளும் அப்படியே. ஆற்றின் அடியில் கிடப்பதையெல்லாம் தின்று தீர்ப்பது நத்தைதான் என்பது அவர் படித்த பாடம். அந்தப் பாடத்தை நினைக்காமல் இருக்க அவர் என்னென்னவோ செய்து பார்த்தார்.

முட்டைகோஸ் இலையைப் போட்டு வைத்தார். வெள்ளரித் துண்டைக் குச்சியில் குத்தி இறக்கினார். காலையில் அதில் மொய்த்திருந்தவற்றை எடுத்து உப்புத் தண்ணீரில் போட்டார். முப்பது எடுத்தால் மறுநாள் அறுபது நின்றது. தண்ணீரும் கழுநீர் கலந்தது போல வெளுத்துக்கொண்டே வந்தது. மறுபடியும் ஷேக் பரீத்திடம் போய் நின்றார்.

"தீனி எவ்வளவு சார் போடுறீங்க?"

"ரெண்டு நாளைக்கு ஒரு சிட்டிகை. நீங்க சொன்னதுதான்."

"அதுக்கு இவ்வளவு வராதே. நத்தை தானா பெருகாது சார், தின்ன இருந்தாத்தான் பெருகும். தண்ணி வேற வெளுத்திருக்குங்கிறீங்க. நீங்க போடலைன்னா வேற யாரோ போடுறாங்க."

"வீட்டுல நாங்க ரெண்டே பேர்தான் பாய்."

விஸ்வாவின் விஷயம் ஷேக் பரீத்துக்குத் தெரியும். கல்லாவில் இருந்து எழுந்து வந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் சிவசங்கரன் மனைவியைக் கேட்டார். "தொட்டியில எதாவது போடுறியா?"

மதுரம் அரிவாள்மணையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "அந்த ரூமுக்கு நான் எதுக்குப் போறேன்?"

அது உண்மை போலத்தான் இருந்தது. பிள்ளை போனதிலிருந்து அவள் அந்த அறைக்குள் கால் வைத்து அவர் பார்த்ததில்லை. அப்படியானால் யார்?

பொங்கல் கழித்து மறுநாள், குழாய் வைத்து அடிமண்ணின் அழுக்கை உறிஞ்சி வாளியில் விட்டபோது, வாளியின் அடியில் கறுப்பாகச் சில மணிகள் தங்கின. நத்தைக் கழிவு என்று நினைத்தார். ஒன்றை எடுத்து நகத்தில் வைத்து நசுக்கினார். எண்ணெய் பிசுபிசுத்தது. எள்.

அவர் வாளியை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார். ஆற்று மணலோடு வந்திருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தார். யாரோ யாருக்கோ இறைத்த எள், மேலேயிருந்து அடித்துக்கொண்டு வந்து கரையில் தங்கியிருக்கும். ஆனால் அவர் வேளாண்மைக்காரர். மூன்று மாதம் தண்ணீரில் ஊறிய எள் இப்படி முழுசாக, எண்ணெயோடு இருக்காது, அழுகிக் கூழாகியிருக்கும். இது ஒரு மாதத்துக்குள் விழுந்த எள். வீட்டில் இருப்பது இரண்டே பேர். இரண்டு பேர்தானா என்று மனசு திருப்பிக் கேட்டது. அந்தக் கேள்வி வந்ததும் கண் தானாகக் கண்ணாடியில் இருந்த கைக்குப் போனது. உள்ளே நத்தைகள் அசையாமல் இருந்தன. நீ இருக்கிறாயா இல்லையா என்று வாய்விட்டுக் கேட்டுவிடுவோமோ என்று அவருக்கே பயம் வந்து, அறையைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தார். பூட்டிய பிறகும் சாவியை ஆணியில்தான் மாட்டினார். பழக்கம் விடவில்லை.

மறுநாள் உரக்கடையில் நூறு கிராம் மயில்துத்தம் வாங்கினார். அது நத்தையை மட்டும் பார்த்துக் கொல்லாது. மீன் சாகும், பாசியும் கருகும். இந்த அளவு தொட்டிக்கு ஒரு ஸ்பூனே எமன் என்பது அவருக்குத் தெரியாததல்ல. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. எல்லாவற்றையும் ஒழித்துவிட்டு, கழுவிக் காயவைத்து, படிகாரத்தில் அலசிய கடைப் பாசியை நட்டுப் புதிதாகத் தொடங்கலாம். வருகிறவனுக்கு நல்ல தொட்டியாக இருக்கும். அப்படித்தான் சொல்லிக்கொண்டார். உள்ளுக்குள் இருந்தது பயம் மட்டும்தான்.

அடுத்த நாள் தை அமாவாசை. வழக்கம்போலப் பதினொரு மணிக்கு ஆற்றங்கரைக்குக் கிளம்பினார். அங்கே நிற்க முடியவில்லை. கரை நெடுக ஜனம். ஈர வேட்டிகள், வாழையிலைத் துண்டுகள், எள் பொட்டலங்கள். ஒவ்வொரு கும்பலின் நடுவிலும் ஒரு ஐயர் பேர் கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொருவரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சிவசங்கரன் வண்டியைத் திருப்பினார். தெருவில் கோயில் பந்தல் போட்டிருந்ததால் ஸ்கூட்டரை முனையிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தார். மதுரம் பின்கட்டில் சமையலில் இருந்தாள். அவர் வந்தது அவளுக்குக் கேட்கவில்லை.

நேரே விஸ்வாவின் அறைக்குப் போனார். பூட்டு ஏற்கெனவே திறந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. பீரோ பின்னால் வைத்திருந்த பொட்டலத்தை எடுத்து, ஒரு மக்கில் தண்ணீர் பிடித்துக் கரைத்தார். தண்ணீர் நல்ல நீலமானது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. தொட்டியில் காற்றுக்குமிழ் விடுகிற மோட்டார் நின்றது. அந்தச் சத்தம் நின்றதும் அறை காது அடைத்தது போல ஆனது. கொஞ்ச நேரத்தில் நத்தைகள் ஏற ஆரம்பித்தன. காற்று குறைந்தால் மேலே வரும், அது இயற்கை. அவருக்குத் தெரியும். தெரிந்திருந்தும், மணலுக்குள்ளிருந்தும் பாசிக்குள்ளிருந்தும் அத்தனையும் ஒன்றாகக் கிளம்பி நீர்மட்டத்துக்கு ஏறுவதைப் பார்த்தபோது மக்கோடு ஓரடி பின்வாங்கினார்.

வெளியே கொலுசுச் சத்தம் கேட்டது. ஏன் ஒளிந்தார் என்று பிறகு எத்தனை முறை யோசித்தும் அவருக்குப் புரியவில்லை. திறந்திருந்த கதவுக்குப் பின்னால் மக்கோடு போய் நின்றுகொண்டார்.

மதுரம் உள்ளே வந்தாள். தலைக்குக் குளித்து ஈரக்கூந்தலை முடிந்திருந்தாள். கையில் சின்ன வாழையிலை. தொட்டியின் வலது மூலையில் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். கண்ணாடியில் பதிந்திருந்த கையைத் தொடவில்லை. அதன் உயரத்துக்கு முகத்தைக் கொண்டுபோனாள். இலையில் எள் கலந்த சோறு இருந்தது. நெல்லிக்காய் அளவு உருட்டி, மூலையில் கையை விட்டு, அந்தக் கைத்தடத்துக்கு நேராகத் தண்ணீரில் விட்டாள். உருண்டை பிரிந்து பருக்கை பருக்கையாக இறங்கியது.

"சாப்புடு சாமி," என்றாள். "அம்மா இன்னிக்கு வாழைக்காய் வறுவலும் பண்ணியிருக்கேன்."

நீர்மட்டத்தில் இருந்த நத்தைகள் மெதுவாகத் திரும்பி அந்த மூலைக்கு நகர்ந்தன.

கதவு அசைந்தது. மதுரம் திரும்பிப் பார்த்தாள். கணவனையும் அவர் கையில் இருந்த நீலத் தண்ணீரையும் பார்த்தாள். அது என்னவென்று விவசாயக் குடும்பத்தில் பிறந்தவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"எத்தனை நாளா?" என்று அவர் கேட்டார்.

"பாசி நட்ட மறுநாளேர்ந்து. தினம் பதினொரு மணிக்கு நீங்க அவனைத் தேடப் போவீங்க. நான் அவனுக்குச் சோறு வைப்பேன்."

"அவன் வருவான் மதுரம்."

"வரட்டுங்க. வேணாம்னு சொன்னேனா?" அவள் எழுந்திருக்கவில்லை. "வர்ற வரைக்கும் பட்டினியா கெடக்கச் சொல்றீங்களா? ஒன்றரை வருஷமாச்சு. ஒரு வாய் தண்ணி இறைக்க விட்டீங்களா? காக்காய்க்கு வச்சதை வாரிக் கொட்டினீங்க. அதுக்கப்புறம் ஒரு காக்காய்கூட நம்ம மாடியில உக்காரல."

"அதுக்கு... நத்தைக்கா?"

"அந்தத் தண்ணியிலேர்ந்து வந்ததுங்க. அவனைக் கடைசியாப் பார்த்தது இதுங்கதான்." விரலில் ஒட்டியிருந்த எள்ளைத் தண்ணீரில் உதறினாள். "நான் சோறு வச்சா வருதுங்க. எனக்கு வேற யாரு வர்றா?"

அவர் மக்கைப் பார்த்தார். கொல்ல வந்தது எதை என்பது இப்போதுதான் தெரிந்தது. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. பெற்றவள் ஒருத்தி தினமும் பிள்ளையைக் கூப்பிட்டுச் சோறு போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தப் பிள்ளை செத்துவிட்டான் என்பது தெரிந்து போட்டிருக்கிறாள். தெரியாதது போல இருந்தவர் இந்த வீட்டில் ஒருவர்தான்.

மக்கை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய், மண்ணில் குழி தோண்டிக் கொட்டி மூடினார். கையைச் சோப்பு போட்டு மூன்று தடவை கழுவினார். திரும்பி வந்து மதுரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். இலையை அவள் கையிலிருந்து வாங்கினார். உருட்டத் தெரியாமல் இல்லை. தகப்பனுக்கு உருட்டியிருக்கிறார், தாய்க்கு உருட்டியிருக்கிறார். பிள்ளைக்கு உருட்டும்போது விரல் கூடவில்லை. சோறு உதிர்ந்து உதிர்ந்து மடியில் விழுந்தது. மதுரம் அவர் கையைத் தன் கைக்குள் வைத்து மூடி அழுத்தினாள். உருண்டை நின்றது.

தண்ணீரில் விட்டுவிட்டு எழுவதற்காகக் கண்ணாடியைப் பிடித்தார். சோறும் எள்ளும் ஈரமுமாக இருந்த அவர் கை, ஒன்றரை வருஷம் யாரையும் தொடவிடாமல் காத்த அந்தத் தடத்தின் மேலேயே பட்டு வழுக்கியது. மதுரம் "ஐயோ" என்றாள். அவர் கையை எடுத்தபோது அங்கே ஒரு மங்கல் கோடும் நாலைந்து பருக்கையும் இருந்தன. விரல் இல்லை. ரேகை இல்லை. உள்ளே நத்தைகள் மட்டும் அதே இடத்தில், அதே அளவில் கூடிச் சோற்றைத் தின்றுகொண்டிருந்தன.

சிவசங்கரன் சத்தம் போட்டு அழுதார். தெருவில் பந்தல்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்கும் அளவுக்கு அழுதார். மதுரம் அவரை அழ விட்டாள். கரண்ட் வந்து தொட்டியில் குமிழ் விடத் தொடங்கியபோது அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"திருவையாத்துல இன்னும் ஐயர் இருப்பாங்களா?"

"ரெண்டு மணி வரைக்கும் இருப்பாங்க."

"கெளம்பு. எள்ளு எடுத்துக்க." வாசல் வரைக்கும் போனவர் நின்றார். "பேரை நீ சொல்லிடாத. நான் சொல்றேன்."